கோதுமை ஒவ்வாத வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம்?



ஹதிய்யா கொடுப்பது உள்ளங்களை இணைக்கும் என்று பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் பல வருடங்களாகப் பேசி வருபவன் நான். அதே ஹதிய்யா ஒரு பெண்பிள்ளையை மூன்று நாள் படுக்கையில் போட்டதையும் கண்டிருக்கிறேன். அதைக் கொடுத்தவனும் நான்தான். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். என் தவறு உங்களில் ஒருவருக்காவது பாடமாகட்டும்.

என் மூத்த ராத்தாவின் மகள் கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கலியாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, களைப்பு. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கியும் உடல் தேறவில்லை. கடைசியில் வைத்தியர்கள் இரத்தம் சோதித்து, குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்து, "சீலியாக்" என்ற நோய் என்றார்கள். "இனிக் கோதுமை வாயில் வைக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். ராத்தா என்னிடமும் சொல்லியிருந்தார். நான் அதைச் சூடு, குளிர் பார்ப்பது போன்ற ஒரு பத்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று ஒரு பெட்டி மஸ்கட்டும் ஒரு பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு போனேன். மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். தட்டில் வைத்து எல்லோருக்கும் பரிமாறினாள். தான் மட்டும் தொடவில்லை. "மாமா ஆசையோடு கொண்டு வந்தது மகள், ஒரு துண்டு என்ன செய்துவிடும்? பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள்" என்றேன். அவள் உம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துச் சாப்பிட்டாள். அன்றிரவு தொடங்கிய வாந்தியும் வயிற்றுப்போக்கும் மூன்றாம் நாள்தான் அடங்கின. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ராத்தாதான் பிறகு சொன்னார்: "தம்பி, மாமாவின் மனம் நோகக் கூடாதென்றுதான் பிள்ளை சாப்பிட்டாள்."

ஒரு துண்டு என்ன செய்யும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுக்க இழுக்க நீள வைப்பது இதுதான். நம்மில் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் சீலியாக் உள்ளவரின் உடல் இதைப் பகையாக எண்ணிப் போராடத் தொடங்கும். அந்தப் போரில் அடிபடுவது அவருடைய சிறுகுடல்தான். சிறுகுடலின் உட்சுவரில் பட்டுத்துணியின் மேல்நூல் போல நுண்ணிய விரல்கள் உண்டு. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவைதான். அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால், எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேராது. அதனால் இரத்தசோகை, எலும்புத் தேய்வு, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு, சில பெண்களுக்குக் கரு தங்குவதில் சிரமம்கூட வரலாம். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் குளுட்டனைத் தவிர்ப்பதே இதற்கு இன்றுள்ள மருத்துவம்.

இதைக் கோதுமையோடு முதலில் முடிச்சுப் போட்டுக் காட்டியவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற டச்சு நாட்டுக் குழந்தை வைத்தியர். 1930களிலேயே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தம் சிறு நோயாளிகளுக்கு உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்து, 1950இல் தமது ஆய்வேட்டில் அதை நிறுவினார். அதற்கு முன் எத்தனை தாய்மார் பிள்ளையைத் தேற்ற வேண்டுமென்று பாணையே ஊட்டியிருப்பார்கள்!

மேற்குச் சஹாராவைச் சேர்ந்த நம் சகோதர மக்களின் கதை இன்னும் உருக்கமானது. ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சம்பழமும் உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். 1970களின் நடுவில் தொடங்கிய போரினால் அகதிகளாகி, அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே முகாம்களில் தங்கினார்கள். உதவியாக அவர்களுக்கு வந்ததில் கோதுமை மாவுக்கு முக்கிய இடம் இருந்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே சோதிக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல் சீலியாக் இருப்பதைக் காட்டியது. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது, கொடுப்பது யாருக்கு என்ற அறிவும் வேண்டும் என்பதை நான் மகளின் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

நம் அடுப்படியில் கோதுமை

நமது துறைமுகத்துக்குள் தானியக் கப்பல்கள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்நாட்டில் கோதுமை விளைவதில்லை. எல்லாம் கடல் கடந்து வருகிறது. சீனக்குடாவில் பிரிமா மாவு ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. வேலையும் தந்தது, மாவும் தந்தது. அல்லாஹ்வின் நிஃமத்தை நாம் குறை சொல்லக் கூடாது. ஆனால் கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்த நெல்லை உண்ட நம் வீடுகளில், கோதுமை எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்பதை நாமே மறந்துவிட்டோம்.

பாண், பரோட்டா, ரொட்டி, கொத்து, ரோல்ஸ், பெட்டிஸ், சமூசா ஆகியவை யாவரும் அறிந்தவை. மஸ்கட் கோதுமை மாவிலிருந்து பிழிந்த பாலில் செய்யப்படுவது. ரவையும் கோதுமைதான். சேமியா பெரும்பாலும் கோதுமைதான். கட்லட்டின் மேலே புரட்டும் ரஸ்க் தூளும் அதுவே. இடியப்பமும் புட்டும் அரிசி உணவுதானே என்று எண்ணாதீர்கள். எத்தனை வீடுகளில் கோதுமை மாவை அவித்து அரித்து அவற்றைச் செய்கிறோம்! குரக்கன் நல்ல தானியம். ஆனால் குரக்கன் ரொட்டி உடையாமல் வர ஒரு பிடி கோதுமை மா சேர்ப்பது நம் பழக்கம். பிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சோஸிலும், கடைப் பெருங்காயத் தூள் பலவற்றிலும் கோதுமை கலந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வழக்கமாக எடுத்துப் போவது என்ன? ஒரு மோல்ட் போத்தலும் ஒரு பெட்டி பிஸ்கட்டும். மோல்ட் என்பது பொதுவாக முளைகட்டிய பார்லி. சீலியாக் உள்ளவருக்கு இரண்டுமே ஆகாது. நோயுற்றவருக்குத் தல்பீனாக் கஞ்சி கொடுப்பது ஹதீஸில் வந்த நல்ல வழக்கம்தான். ஆனால் அது பார்லியில் செய்வது. நோயாளியின் மனத்துக்கு ஆறுதல் தருவதற்காகக் கொடுப்பது அவருக்கே தீங்காகிவிடக் கூடாது. இவருக்கு வேறொரு கஞ்சி கொடுத்து அந்த ஆறுதலைத் தரலாம்.

ஹலால் பார்க்கும் கண்

சகோதரிகளே, இந்தப் பேணுதல் உங்களுக்குப் புதிதல்ல. பெட்டியைத் திருப்பி, ஜெலட்டின் என்ன ஜெலட்டின், கொழுப்பு என்ன கொழுப்பு என்று வாசித்துப் பழகியவர்கள் நீங்கள். ஹராமானது பொரித்த எண்ணெயில் வேறொன்றைப் பொரித்துத் தந்தால் தொடமாட்டீர்கள். சட்டம் வேறு, கவனம் ஒன்றுதான். சமூசா பொரித்த எண்ணெயில் பொரித்த அரிசி முறுக்கும், பாண் வெட்டிய கத்தியால் வெட்டிய தொதலும் அந்தப் பிள்ளைக்கு உதவாது. குளுட்டன் அற்றது என்று ஓர் உணவைச் சொல்ல வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமம். கையில் ஒட்டிய மாவே அந்த எல்லையைத் தாண்டப் போதும்.

உம்மு ஹுஃபைத் (ரலி) அனுப்பிய ஹதிய்யா

ஹதீஸ் பாடத்தில் நான் பலமுறை நடத்திய ஒரு சம்பவம் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சாச்சியான உம்மு ஹுஃபைத் (ரலி), நபி (ஸல்) அவர்களுக்குப் பாற்கட்டியும் நெய்யும் உடும்பு இறைச்சியும் ஹதிய்யாவாக அனுப்பினார்கள். நபியவர்கள் பாற்கட்டியையும் நெய்யையும் உண்டார்கள், உடும்பை விட்டுவிட்டார்கள். அது ஹராம் என்பதால் அல்ல. அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதே விரிப்பில் மற்றவர்கள் அதை உண்டார்கள். உண்ணும்படி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. ஹதிய்யாவை அவமதித்ததாக யாரும் எண்ணவுமில்லை.

மனம் ஒப்பாததற்கே இத்தனை இடம் இருக்கிறதென்றால், உடலைக் கெடுப்பதை விட்டுவிட ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டும்! பாடத்தை நடத்தினேன், பாடம் எனக்கென்று எண்ணவில்லை.

எதைக் கொடுக்கலாம்?

முதலில் கேளுங்கள். "மகள், உங்களுக்கு ஆகுமானது எது? எந்தக் கடையில் வாங்குவீர்கள்?" என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். கேட்டால் ஹதிய்யாவின் ருசி கெட்டுவிடும் என்பது வீண் எண்ணம்.

தோலோடு உள்ள பழங்கள் எப்போதும் நல்லவை. மாம்பழம், வாழைப்பழம், மாதுளை, இளநீர். முழுப் பேரீச்சம்பழம் (மா தூவியதோ பிஸ்கட் அடைத்ததோ வேண்டாம்). முட்டித் தயிர், தேன், கித்துள் கருப்பட்டி. பச்சையாக வாங்கிய கஜு, கச்சான். துறைமுகத்தில் காலையில் இறங்கிய நல்ல மீன். பாறையோ சூரையோ ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் எந்த வீடும் முகம் மலரும்.

செய்து கொடுக்க விரும்பினால் வட்டிலப்பத்தை மிஞ்சியது எது? முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம், மாவே கிடையாது. கடற்பாசி, சவ்வரிசிப் பாயசம், எள்ளுருண்டை, அரிசி மாத் தொதல் ஆகியவையும் அப்படியே. ஆனால் உங்கள் வீட்டில் அன்று ரொட்டி சுட்டிருந்தால் செய்யாதீர்கள். கழுவிக் காய்ந்த பாத்திரம், புது எண்ணெய், வேறு கரண்டி என்று முடியுமானால் மட்டும் செய்யுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் அவள் உங்களைக் கேள்வி கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை.

கடைப் பொருளானால் பெட்டியின் பின்புறம் கோதுமை, பார்லி, மோல்ட், ரவை என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்துவிடுவதால், குளுட்டன் அற்றதென்று குறிக்கப்படாததை வாங்க வேண்டாம். விலை கூடிய வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டுமென்பதும் இல்லை.

உணவல்லாத ஹதிய்யாவும் உண்டு. புதிய அரிதட்டு, இடியப்ப உரல், தாச்சி, மர அகப்பை, வெட்டுப் பலகை என்று அடுப்படிக்குத் தனியாக ஒரு தொகுதி வாங்கிக் கொடுங்கள். பழைய அரிதட்டின் கண்களில் கோதுமை மா ஒட்டியிருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. கூட்டுக் குடும்பத்தில் வாழும் மருமகளுக்கு, "எனக்கென்று தனிச் சட்டி வேண்டும்" என்று கேட்க வாய் வராது. அவள் கேட்காமலே நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக இரண்டு வார்த்தை. வலீமாவிலோ இஃப்தாரிலோ அவளை எல்லோர் முன்னும் "நீ இதைச் சாப்பிடமாட்டாயே" என்று சுட்டிக் காட்டாதீர்கள். சஹனில் மற்றவர் கை படுமுன் அவளுக்கு ஒரு பங்கை மூடி எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டிலேயே யாருக்காவது இத்தகைய அறிகுறிகள் இருந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தியபின் சோதித்தால் நோய் தெரியாமல் போகலாம். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். ராத்தாவும் சோதித்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ், அவருக்கு இல்லை.

அடுத்த நோன்புப் பெருநாளில் மகளின் வீட்டுக்கு ஒரு புது அரிதட்டும், கந்தளாய் நெல்லை நாங்களே அரிசியாக்கி வீட்டு உரலில் இடித்த மாவும் கொண்டு போனேன். மூட்டையின் வாயில் ஒரு துண்டுக் காகிதம்: "புது உரல், புதுச் சாக்கு, கோதுமை படவில்லை." அவள் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் இடியப்பம் வந்தது. இரண்டு தட்டு. ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, மற்றதோடு எனக்கு எதிரே அமர்ந்தாள்.

"பிஸ்மில்லாஹ் சொல்லுங்க மாமா" என்றாள்.