புதர்க்காட்டுச் சிற்றுண்ணியும் அதனால் வரும் காய்ச்சலும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறமாக மலையேறும் வழியிலும், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டோரங்களிலும் புல்லும் புதரும் மண்டியுள்ளன. அடிவாரக் கிராமங்களின் குடியானவர்கள் மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் இத்தகைய இடங்களிலேயே நடமாடுகின்றனர். கொசுவுக்கும் குளவிக்கும் அஞ்சுவோர் பலர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியை நினைப்போர் சிலரே. வேலூர், திருவண்ணாமலை முதலிய வட மாவட்டங்களில் காணும் உண்ணிக் காய்ச்சலுக்கு இதுவே காரணமாகும்.

இது மாட்டின்மேல் ஒட்டும் பெரிய உண்ணியன்று. இதன் குஞ்சு மட்டுமே கடிக்கும். எலிகளின்மேல் ஒட்டி வாழும் இக்குஞ்சு, புல்லிலும் சருகிலும் காத்திருந்து அவ்வழி வருவோர்மேல் ஏறி, இடுப்புக்கட்டு, அக்குள், தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலைத் தேடும். கடித்தால் வலிப்பதில்லை. நோய்க்கிருமி தாயுண்ணியிலிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு இறங்குவதால், புகுந்த இடத்தில் நெடுங்காலம் நிலைத்துவிடுகிறது. மழையை அடுத்த குளிர்மாதங்களில் நோய் மிகுதி. கார்த்திகைத் தீபத்திற்கு யாத்திரிகர் திரளும் காலமும் அதுவே.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. புதரில் வேலை செய்வோர் கைகால்களை மூடும் உடை அணிக. பூச்சிவிரட்டித் தைலம் கிடைப்பின் பூசிக்கொள்க.

2. வெறும் புல்தரையில் உட்காருதலும் படுத்தலும் கூடா, பாய் விரித்துக்கொள்க.

3. துணிகளைப் புதர்மேல் உலர்த்தற்க.

4. மலஜலம் கழிக்கப் புதரை நாடாது கழிப்பிடத்தையே பயன்படுத்துக.

5. வீடு திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து உடை மாற்றுக. கழற்றிய துணியை வெந்நீரில் துவைக்க.

6. வீட்டையும் களத்தையும் சுற்றியுள்ள புதரை நீக்கி, எலிகள் பெருகாதவாறு காக்க.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். பலருக்குக் கடித்த இடத்தில் நெருப்புச் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு காணப்படும். அது உடை மறைக்கும் இடத்தில் இருக்குமாதலால் தேடிப் பார்த்தல் வேண்டும். அது இல்லை என்பதனால் நோயில்லை எனக் கொள்ளலாகாது. டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்னும் மருந்துகளைக் காலத்தே கொடுத்தால் குணமாகும். பென்சிலின் இனத்து மருந்துகள் பயன்படா. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே அபாயம் நேரும். இதற்குத் தடுப்பூசி இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதுமில்லை. ஆகையால் நோயாளியை ஒதுக்கவேண்டுவதில்லை.

கிராம அதிகாரிகள் இச்செய்தியைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, காய்ச்சல் கண்டோரை நாட்டு வைத்தியத்தில் நாள் கடத்தவிடாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். "புதரில் வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் நோயாளி கூறும் ஒரு சொல்லே பலமுறை உயிரைக் காக்கும்.