சுத்தியலும் ஊசியும் பாடம்!



பள்ளிக்கூடத்தில் ஓர் அறை. உள்ளே எட்டிப் பார்த்தால் ரம்பம், சுத்தியல், அரம், உளி! பக்கத்து அறையில் வரிசையாகத் தையல் மிஷின்கள், நூல்கண்டுகள், துணிகள். 'இது தச்சுப் பட்டறையா, தையல் கடையா?' என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பின்லாந்து நாட்டுப் பள்ளிகளில் இவை வகுப்பறைகள்தான். கணக்கு, அறிவியல் போல அங்கே கைவேலையும் ஒரு பாடம். எல்லாக் குழந்தைகளும் கட்டாயம் படித்தாக வேண்டும்!

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் குளிர் நாடு பின்லாந்து. அங்கே 7 வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. 9ம் வகுப்பு வரை எல்லோருக்கும் பொதுப்பள்ளி. கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடும் இலவசம்.

யார் கொண்டு வந்தது?

ஊனோ சிக்னேயுஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1810ம் ஆண்டு பிறந்தவர். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. சிக்னேயுஸ் 1840களில் அலாஸ்காவில் கூட சில ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார். பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் போய், பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்த்து வந்தார். 1863ல் யூவாஸ்கூலா என்ற ஊரில், பின்னிஷ் மொழியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியைத் தொடங்கினார்.

1866ல் பின்லாந்தில் பொதுமக்கள் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. அதில் கைவேலையும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது. அதற்குக் காரணம் சிக்னேயுஸ்தான்!

எல்லாப் பிள்ளைகளையும் தச்சர் ஆக்க வேண்டும் என்பதா அவர் எண்ணம்? கிடையாது. கைக்குத் திறமை வர வேண்டும். கண்ணுக்கு அளவும் அழகும் தெரிய வேண்டும். உழைப்பை மதிக்கும் மனம் வர வேண்டும். இவைதான் அவர் விரும்பியவை.

பக்கத்து நாடான ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமோன் என்பவர் கைத்தொழில் பள்ளி நடத்தி வந்தார். அவர் 1877ல் பின்லாந்துக்கு வந்து சிக்னேயுஸைச் சந்தித்தார். தொழில் கற்றுக் கொடுப்பது வேறு, தொழில் வழியாகக் கல்வி கொடுப்பது வேறு என்பது அவருக்குப் புரிந்தது. பிறகு நேஸில் பல நாட்டு ஆசிரியர்கள் வந்து பயிற்சி பெற்றார்கள். ஒரு சின்ன நாட்டின் யோசனை உலகம் சுற்றியது!

அவனுக்கு உளி, அவளுக்கு ஊசியா?

அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகளுக்கு மரவேலை. பெண் பிள்ளைகளுக்குத் தையல், பின்னல் என்றுதான் பிரித்திருந்தார்கள். 1970களில் பொதுப்பள்ளி முறை வந்தபோது இந்தக் கோடு அழியத் தொடங்கியது. 2016ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் இரண்டும் ஒரே பாடம் ஆகிவிட்டன. இப்போது பையன் சட்டைக்குப் பை வைத்துத் தைக்கிறான். பெண் பலகையை அறுத்துப் பெட்டி செய்கிறாள்.

'ஆசிரியர் செய்து காட்டுவார், நாம் அப்படியே செய்ய வேண்டும், அவ்வளவுதானே?' என்று நினைத்துவிடாதீர்கள். என்ன செய்வது என்று யோசிப்பதும் மாணவர் வேலை. படம் வரைய வேண்டும், அளவு குறிக்க வேண்டும், பிறகு செய்ய வேண்டும். கடைசியில், 'எது நன்றாக வந்தது? எது சரியாக வரவில்லை?' என்று தாமே பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகவும் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம்.

யோசித்துப் பாருங்கள். நோட்டில் கணக்கு தப்பானால் ரப்பரால் அழித்துவிடலாம். பலகையை இரண்டு சென்டிமீட்டர் குறைவாக அறுத்துவிட்டால்? எந்த ரப்பரும் உதவாது! 'அறுப்பதற்கு முன் இன்னொரு முறை அளந்து பார்' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலகையே சொல்லிக் கொடுத்துவிடும்.

சமையலும் ஊர் நிர்வாகமும்

7ம் வகுப்பில் இன்னொரு கட்டாயப் பாடம் உண்டு. அது வீட்டுப் பொருளியல். பள்ளிச் சமையலறையில் சிறு குழுக்களாகச் சேர்ந்து சமைப்பார்கள். சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பாத்திரம் கழுவுவதும் பாடம்தான்!

6ம் வகுப்பு மாணவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. 2010ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் யூரிட்டூஸ்கூலா. 'தொழில் கிராமம்' என்று பொருள். கடை, வங்கி, அலுவலகங்கள் எல்லாம் உள்ள ஒரு குட்டி ஊரையே கட்டிடத்துக்குள் அமைத்திருப்பார்கள். முதலில் வகுப்பில் பாடம். அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைத்ததும் ஒரு நாள் முழுவதும் அந்தக் குட்டி ஊரில் வேலை பார்க்க வேண்டும். சம்பளமும் உண்டு, அந்த ஊர்க் கடைகளில் செலவழிக்கலாம். ஒருவர் தன் வேலையைச் செய்யாவிட்டால் மற்றவர் வேலையும் நின்றுபோகும். ஊர் என்றால் என்ன என்பது அன்று புரியும்!

இவை தவிர, ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்களைச் சேர்த்து ஒரே பொருளைப் பற்றிக் கற்க வேண்டும். தண்ணீர் என்று வைத்துக் கொள்வோம். அளப்பதற்குக் கணக்கு, சோதிப்பதற்கு அறிவியல், எழுதுவதற்கு மொழி. இதைத் திட்டமிடும்போது மாணவர்களின் யோசனையையும் கேட்பார்கள்.

அங்கே தேர்வே கிடையாதா?

உண்டு. பாடப்புத்தகமும் உண்டு, ஆசிரியர் வைக்கும் தேர்வும் உண்டு. ஆனால் பொதுப்பள்ளி முடியும் வரை நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வு இல்லை.

உலக நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் 'பீசா' தேர்வில், 2000ம் ஆண்டு வாசிப்பில் பின்லாந்துதான் முதலிடம். 2006க்குப் பிறகு அதன் மதிப்பெண் குறைந்து வருகிறது. ஏன் என்று அந்த நாட்டில் பெரிய விவாதமே நடக்கிறது. ஆனாலும் கைவேலைப் பாடத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. மதிப்பெண் அட்டையில் ஏறாத சில பாடங்களைக் கை கற்றுத் தருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

குழந்தைகளே, இந்த விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். பழைய அட்டைப் பெட்டியில் ஒரு புத்தக அலமாரி செய்யலாம். கிழிந்த துணியில் ஒரு பை தைக்கலாம். முதலில் படம் வரையுங்கள். வேலையைப் பிரித்துக் கொள்ளுங்கள். கத்தரிக்கோல், ஊசி எடுக்கும்போது மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

கோணலாக வந்தால் வருத்தப்படாதீர்கள். எங்கே கோணலாயிற்று என்று கண்டுபிடியுங்கள். அன்றைய பாடம் அதுதான்!