ஐபீரிய லிங்ஸும் முயலும்

பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகளுள் லிங்ஸ் என்பது தனித்த தோற்றமுடையதொரு சாதியாகும். செவி நுனியில் நிமிர்ந்து நிற்குங் கருமயிர்க் குஞ்சமும், கன்னத்தின் இருமருங்குந் தாடிபோலத் தொங்கும் மயிரும், குறுகிய வாலும் இதன் அடையாளங்களாம். இச்சாதியில் நான்கு இனங்கள் இன்று உள. அவற்றுள் இரண்டு வட அமெரிக்காவிலும், ஒன்று ஐரோப்பா ஆசியாக் கண்டங்களிற் பரந்தும், மற்றொன்று ஸ்பானியாவும் போர்த்துக்கலும் அமைந்த ஐபீரியக் குடாநாட்டிலும் வாழ்கின்றன. இறுதியிற் கூறப்பட்ட ஐபீரிய லிங்ஸ் ஏறக்குறைய 8 முதல் 15 கிலோகிராம் வரை நிறையுடையது. 1980ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 1,100 எனக் கணிக்கப்பட்ட இதன் தொகை, 2002ஆம் ஆண்டளவில் நூற்றுக்குங் குறைவாயிற்று. பூனையினங்களுள் மிக்க ஆபத்துக்குள்ளானது இதுவே என விலங்கியலறிஞர் அஞ்சினர். அவ்வச்சம் எங்ஙனம் எழுந்தது, எங்ஙனந் தணிந்தது என்பன ஆராயற்பாலன.

இவ்விலங்கின் வாழ்வு முயலோடு பிணைந்தது. இதன் உணவில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேற்பட்டது காட்டு முயலே. வளர்ந்த லிங்ஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு முயல் வேண்டும். குட்டிகளையுடைய தாய்க்கு அதனினும் மிகுதியாக வேண்டும். முயல் குறைந்தவிடத்துப் பெண் லிங்ஸ் ஈனுதலையே ஒழிதலும் உண்டு. வேறு இரைதேடிப் பிழைக்கும் ஆற்றல் நரிக்கு உண்டு. இதற்கு அவ்வாற்றல் மிகச் சிறிதே.

1952ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் அர்மாந் தெலீல் என்பார், தம் நிலத்திலே பெருகிய முயல்களை ஒழிக்கக் கருதி, மிக்சோமா என்னும் வைரசை இரண்டு முயல்களுக்கு ஊட்டி விடுத்தார். மதிலுக்குள் அடங்குமென அவர் எண்ணிய நோய் ஐரோப்பாவெங்கும் பரவி, அடுத்த ஆண்டிலேயே ஸ்பானியாவையும் அடைந்து, முயற் கூட்டங்களைக் கூட்டங் கூட்டமாக மாய்த்தது. எஞ்சியவை ஒருவாறு தேறிவருங்கால், 1980ஆம் ஆண்டுகளின் இறுதியிற் குருதிப்பெருக்கு நோயென்னும் மற்றொரு தொற்று வந்து அவற்றைத் தாக்கியது. முயல் மாயவே லிங்ஸும் மாய்ந்தது. புதர்க்காடுகள் வெட்டப்பட்டமையும், பொறிகளும், வீதிகளும் அவ்வழிவை விரைவுபடுத்தின. 2002ஆம் ஆண்டளவிற் குட்டியீன்று பெருகுங் கூட்டங்கள் தொன்யானா என்னும் நிலப்பரப்பிலும், சியெரா மொரேனா மலைத்தொடரின் ஒரு பகுதியிலும் மட்டுமே எஞ்சின.

வேட்டையாடுவோர் நெடுங்காலமாக லிங்ஸைத் தம் முயலைக் கவருங் கள்வனென்றே எண்ணிக் கொன்றுவந்தனர். தொன்யானா உயிரியல் நிலையத்து ஆராய்ச்சியாளர், விலங்குகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து அவற்றின் நடமாட்டத்தை ஆராய்ந்தனர். 1995ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு அவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கியது. லிங்ஸ் உறையுமிடங்களிற் கீரிகள் குறைந்தும் முயல்கள் மிகுந்துங் காணப்பட்டன. லிங்ஸ் தன் எல்லைக்குட் கீரியைக் கொன்றும் துரத்தியும் வருதலால், கீரி உண்ணும் முயல்கள் பிழைக்கின்றன. லிங்ஸ் தான் உண்ணும் முயலினும் அது காக்கும் முயலே மிகுதி என்பது இதனாற் பெறப்பட்டது. பகையெனக் கொண்டது துணையாயிற்று. நிலவுடைமையாளரையும் வேட்டைச் சங்கத்தாரையும் பின்னர் ஒத்துழைக்கச் செய்தற்கு இவ்வறிவு பெரிதும் பயன்பட்டது.

காப்பு முயற்சியின் மற்றொரு பகுதி அடைப்பிடத்தில் இனம்பெருக்குதலாகும். தொன்யானாவிலுள்ள அசெபூச்சே நிலையத்தில், 2005ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆந் திகதி, சலியேகா என்னும் பெண் லிங்ஸ் மூன்று குட்டிகளை ஈன்றது. அடைப்பிடத்தில் ஐபீரிய லிங்ஸ் ஈன்றது அதுவே முதன்முறை. சில கிழமைகள் கழிந்தபின் குட்டிகள் தம்முட் கடும்போர் புரிய, அவற்றுள் ஒன்று இறந்தது. பிறந்து இரண்டாம் மாதத்தையண்டி உடன்பிறந்தாரிடையே இத்தகைய போர் நிகழ்தல் இவ்வினத்தின் இயல்பென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன்பின் அப்பருவத்திற் குட்டிகள் இரவும் பகலுங் கண்காணிக்கப்பட்டன. வெளியே விடப்படுவன மனிதரோடு பழகாவண்ணம் வளர்க்கப்பட்டு, உயிர் முயலை வேட்டையாடப் பழகியபின்னரே விடுவிக்கப்படுகின்றன.

எண்ணிக்கை ஒன்றே பாதுகாப்பாகாது. தொன்யானாக் கூட்டமும் மலைத்தொடர்க் கூட்டமும் நெடுங்காலம் பிரிந்திருந்தமையால் ஒவ்வொன்றினுள்ளும் நெருங்கிய உறவுக் கலப்பு மிகுந்திருந்தது. 2016ஆம் ஆண்டில் வெளியான மரபணுத்தொகுதி ஆராய்ச்சி, மரபு வேறுபாடு மிகக் குறைந்த பாலூட்டிகளுள் இதுவும் ஒன்றெனக் காட்டிற்று. வேறுபாடு குறைந்த இனம் புதிய நோயை எதிர்த்தல் அரிது. 2007ஆம் ஆண்டிற் பூனைகளுக்குரிய வெண்குருதி நோய் தொன்யானாவிற் பரவி உயிர்ச்சேதம் விளைத்தமை அச்சந்தரும் எச்சரிக்கையாயிற்று. எனவே மலைத்தொடரிலிருந்து லிங்ஸ்கள் தொன்யானாவிற்குக் கொண்டுவரப்பட்டன. அடைப்பிடச் சோடிகளும் உறவு நெருக்கம் நோக்கியே சேர்க்கப்படுகின்றன.

இம்முயற்சிகளின் பயன் கண்கூடாகும். 2010ஆம் ஆண்டு முதல் நானூற்றுக்கு மேற்பட்ட லிங்ஸ்கள் ஸ்பானியாவிலும் போர்த்துக்கலிலுமுள்ள பல இடங்களில் விடப்பட்டன. 2001ஆம் ஆண்டில் 62 எனக் கணிக்கப்பட்ட முதிர்ந்த விலங்குகளின் தொகை 2022ஆம் ஆண்டில் 648 ஆக உயர்ந்தது. குட்டிகளையுஞ் சேர்த்து நோக்கின் அது இரண்டாயிரத்தைக் கடந்தது. 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை அழிவாபத்திற்குள்ளானவற்றின் பட்டியலினின்றும் நீக்கி, ஊறுபடத்தக்கவற்றின் பட்டியலிற் சேர்த்தது.

எனினும் இஃது இடர் முற்றும் நீங்கிய நிலையன்று. வீதியில் ஊர்திகள் மோதி லிங்ஸ்கள் ஆண்டுதோறும் மடிகின்றன. 2011ஆம் ஆண்டளவில் முயலுக்கு வந்த குருதிப்பெருக்கு நோயின் புதிய வகை, இரையின்றேல் இரைகொள்வது இல்லையென்பதை மீண்டும் உணர்த்திற்று. மதிலுக்குள் அடங்குமென்று ஒருவர் செய்த செயல் ஓர் இனத்தையே அழிவின் விளிம்பிற்குத் தள்ளியது. அதனை மீட்டற்கோ பலருடைய இருபதாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. ஆதலின் ஓர் உயிரைக் காக்க விழைவோர், அதன் உடலை மட்டுமன்றி, அஃது உண்ணும் இரையையும், உறையும் புதரையும், கடக்கும் வழியையும் ஒருங்கே காத்தல் வேண்டும்.