அனலாக் கன்சோல் வாங்கப் போறீங்களா? 'வார்ம்' சவுண்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்!

1973-ம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டூடியோ, இங்கிலாந்தின் நீவ் நிறுவனத்திடமிருந்து ஒரு மிக்ஸிங் கன்சோலை வாங்கியது. பெயர், நீவ் 8028. விலை, சுமார் 76,000 டாலர். அதே காலகட்டத்தில் ஸ்டூடியோ ஓனர் வாங்கிய வீட்டின் விலை அதில் பாதிதானாம்!

நிர்வானா இசைக்குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் 1991-ல் பதிவானது இந்த கன்சோலில்தான். 2011-ல் ஸ்டூடியோ வாடகைக்கு விடுவதை நிறுத்தியபோது, நிர்வானாவின் டிரம்மர் டேவ் க்ரோல் அதை விலைக்கு வாங்கித் தன்னுடைய ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். அந்தக் கதையை 'சவுண்ட் சிட்டி' என்ற பெயரில் 2013-ல் ஆவணப்படமாகவும் எடுத்தார்.

இன்று லேப்டாப்பிலேயே நூறு சேனல் மிக்ஸர் கிடைக்கிறது. அப்புறம் ஏன் இந்தப் பழைய பெட்டிகளுக்கு இவ்வளவு மவுசு? லட்சக்கணக்கில் கொட்டும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கு?

கன்சோல் என்ன செய்கிறது?

மைக்கிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது. பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்குவது ப்ரீஆம்ப். 60 டெசிபல் ஏற்றினால், வோல்டேஜ் ஆயிரம் மடங்காகிவிடும். அடுத்து ஈக்யூ, ஃபேடர், கடைசியில் எல்லா சேனலையும் ஒன்றாகக் கூட்டும் பஸ்.

கம்ப்யூட்டரில் இந்தக் கூட்டல் வெறும் கணக்கு. ரெண்டும் ரெண்டும் எப்பவும் நாலுதான். அனலாக்கில் ஒவ்வொரு கட்டத்திலும் சிக்னல் ஒரு டிரான்ஸ்ஃபார்மரையோ டிரான்சிஸ்டரையோ கடந்து போகிறது. கடக்கும் ஒவ்வொன்றும் தன் கைரேகையைக் கொஞ்சம் பதித்துத்தான் அனுப்பும்.

அந்த 'கேரக்டர்' எங்கிருந்து வருகிறது?

100 ஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்பினால், வெளியே வரும்போது 200, 300 ஹெர்ட்ஸிலும் மெல்லிய ஒலிகள் சேர்ந்திருக்கும். இதற்குப் பெயர் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் நிறைந்து வழியும்போது, குறிப்பாக பாஸ் பகுதியில் இது தெளிவாகத் தெரியும். அளவோடு இருந்தால் காது அதை 'கனமா இருக்கு', 'வார்மா இருக்கு' என்று ரசிக்கும். எல்லை மீறினால் கரகரப்பு.

அந்தக் கால வடிவமைப்பாளர்கள் இந்த டிஸ்டார்ஷனைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். முழுசா ஒழிக்க முடியாமல் மிஞ்சியதைத்தான் இன்று நாம் காசு கொடுத்துத் தேடுகிறோம்.

மூன்று பிராண்ட், மூன்று குணம்

நீவ்: 1970-ல் வந்த 1073 மாட்யூல்தான் இதன் அடையாளம். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் டிரான்ஸ்ஃபார்மர். பாஸ், லோ-மிட் பகுதிகள் தடிமனாகக் கேட்கும். வோக்கலுக்குப் பலரும் முதலில் தேடுவது இதைத்தான்.

ஏபிஐ: அமெரிக்க நிறுவனம். 2520 என்ற ஆப்-ஆம்ப்தான் இதன் இதயம். டிரம்ஸ், கிட்டார் அடிகள் முகத்துக்கு நேரே வந்து விழும். 'பஞ்ச்' வேணும்னா இது.

எஸ்எஸ்எல்: 70-களின் பிற்பகுதியில் 4000 வரிசையை அறிமுகப்படுத்தியது. மற்ற இரண்டைவிட கொஞ்சம் க்ளீன். ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸர். நடுவில் இருக்கும் பஸ் கம்ப்ரஸர், மொத்த மிக்ஸையும் பசை போட்டு ஒட்டியதுபோல் சேர்த்துப் பிடிக்கும்.

ஆனால், இவையெல்லாம் பொதுவான குணங்கள் மட்டுமே. 'நெவர்மைண்ட்' பதிவானது நீவ் கன்சோலில். ஆண்டி வாலஸ் அதை மிக்ஸ் செய்தது வேறொரு ஸ்டூடியோவின் எஸ்எஸ்எல் கன்சோலில். சவுண்ட் சிட்டியின் பெரிய டிரம்ஸ் ரூமுக்கும் அந்த ஒலியில் பங்குண்டு. மொத்தப் புகழையும் ஒரே பெட்டிக்கு எழுதிவைக்க முடியாது.

காது சொல்வதை நம்பலாமா?

நீவ் கன்சோல்களை உருவாக்கிய ரூபர்ட் நீவ் அடிக்கடி சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. பீட்டில்ஸ் ஆல்பங்களில் வேலை செய்த சவுண்ட் இன்ஜினீயர் ஜெஃப் எமெரிக், ஒரு புது கன்சோலில் சில சேனல்கள் மட்டும் சரியில்லை என்றார். பலமுறை சோதித்தபின் காரணம் தெரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பில் ஒரு தவறு. அதனால் 54 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் ஏற்றம். மனிதக் காது கேட்கும் எல்லையே 20 கிலோஹெர்ட்ஸ்தான்! அவர் காதில் பட்டது எது என்பதை இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஆனால், கோளாறு நிஜம்.

அதே காது சுலபமாக ஏமாறவும் செய்யும். இரண்டு ஒலிகளில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ, அதுதான் 'நல்லா இருக்கு' என்று தோன்றும். அதனால், கடையில் டெமோ கேட்டு மயங்கிவிடாமல் இப்படிச் சோதிக்கலாம்:

• உங்களுடைய பாடல் ஒன்றை கன்சோல் வழியாக ஒருமுறை, நேராக ஒருமுறை பதிவு செய்யுங்கள்.

• இரண்டின் சத்த அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள்.

• நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது.

• பத்து முறையில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால், வித்தியாசம் உங்களுக்கு நிஜமாகவே கேட்கிறது. ஐந்தோ ஆறோ என்றால், காசு சுண்டிப் போட்டதும் இதுவும் ஒன்றுதான்.

கெயினை குறைவாக வைத்து ஒரு சுற்று, நன்றாக ஏற்றி ஃபேடரை இறக்கி ஒரு சுற்று கேளுங்கள். பல கன்சோல்களின் குணம், கொஞ்சம் அழுத்தினால்தான் வெளியே வரும்.

விலைப்பட்டியலில் வராத செலவுகள்

பழைய கன்சோலில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வருடங்கள் போகப் போகக் காய்ந்துவிடும். பெரிய கன்சோலில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். மாற்றினீர்களா, எப்போது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு நாபையும் திருப்பி, ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்திப் பாருங்கள். கரகரன்னு சத்தம் வந்தால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் உங்கள் ஊரில் இருக்கிறாரா?

கரன்ட் பில்லும் ஏறும். கன்சோல் கக்கும் சூட்டுக்கு ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைக்க, எத்தனை சேனலோ அத்தனைக்கும் கன்வெர்ட்டரும் கேபிளும் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ரீகால். மூன்று வாரம் கழித்து கிளையன்ட் போன் செய்து, 'வோக்கலை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க' என்பார். லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தால் போதும். பெரும்பாலான பழைய கன்சோல்களில், போட்டோ எடுத்து வைத்து, ஒவ்வொரு நாபையும் கையால் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

சரி, அப்போ என்ன பண்றது?

ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவு செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு குரல், ஒரு கிட்டார் என்றால், தேவை ஒன்றிரண்டு சேனல்தான். அதற்கு ஏபிஐ தொடங்கிவைத்த 500 சீரிஸ் வகையில் ஒன்றிரண்டு மாட்யூல் போதும். பெரிய கன்சோல்களில் இருக்கும் அதே வகை சர்க்யூட் சின்னப் பெட்டியில் கிடைக்கும். ரூம் அகோஸ்டிக்ஸ் இன்னும் சரியில்லை என்றால், முதல் பணம் அங்கேதான் போக வேண்டும். எதிரொலிக்கும் ரூமை எந்த டிரான்ஸ்ஃபார்மராலும் சரிசெய்ய முடியாது.

முழு பேண்டையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு நிலைமை வேறு. தாமதமில்லாத ஹெட்போன் மிக்ஸ், கைக்கெட்டும் தூரத்தில் எல்லா ஃபேடரும் என்ற வசதிக்கு அவர்கள் கொடுக்கும் விலை நியாயமானதுதான்.

எப்படியானாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அனலாக் கன்சோல் உள்ள ஒரு ஸ்டூடியோவை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் பாட்டையே போட்டு, மேலே சொன்ன பத்து ரவுண்டு டெஸ்ட்டை நடத்திப் பாருங்கள். அந்த ஒருநாள் வாடகை, பல லட்சத்தை மிச்சப்படுத்தலாம்.