பேரீச்சங்கொட்டைக் காபி

காபியின் மணமும் கசப்பும் காஃபீனால் வருகின்றன என்றே பலரும் நினைக்கிறோம். காஃபீனுக்கு மணமே கிடையாது. கசப்பு உண்டு, ஆனால் ஒரு டம்ளர் காபியின் கசப்பில் அதற்குச் சிறு பங்குதான். மீதியெல்லாம் வறுபடும்போது பிறப்பவை. பச்சைக் காபிக்கொட்டையை முகர்ந்தால் புல் வாசம்தான் அடிக்கும். அப்படியென்றால் வேறு கொட்டையை வறுத்தாலும் காபி கிடைக்குமா? பேரீச்சங்கொட்டையில் ஓரளவு கிடைக்கும். அரபு நாடுகளில் அதை வறுத்துப் பொடித்துக் குடிக்கும் வழக்கமும் உண்டு.

காரணம் சுவையானது. முளைக்கும் குருத்துக்கான கட்டுச்சோற்றை நெல்லும் கோதுமையும் மாவுச்சத்தாக வைக்கின்றன. பேரீச்சையோ தன் செல்சுவர்களையே தடிக்கவைத்து, அதில் மானான் என்னும் கூட்டுச் சர்க்கரையாகச் சேர்க்கிறது. பல்லுடைக்கும் கடினம் அதனால்தான். தென்னமெரிக்கப் பனை ஒன்றின் விதையில் இதே மானான் இறுகியிருக்கும். தந்தத்துக்குப் பதிலாக அதைக் கடைந்து சட்டைப் பொத்தான் செய்தார்கள். காபிக்கொட்டையும் மானான் வகைச் சர்க்கரையைத்தான் செல்சுவரில் சேர்த்து வைக்கிறது. இத்தனைக்கும் பேரீச்சை பனைக் குடும்பம். காபிச் செடியோ நம் வீட்டு இட்லிப்பூவுக்கு உறவு!

சூடேறும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயராலேயே இவ்வினை அறியப்படுகிறது. தோசையின் முறுகலும் இதன் கைவேலைதான்.

இனி அடுப்படி. கொட்டைகளில் ஒட்டியிருக்கும் சதையைத் தேய்த்துக் கழுவுங்கள். மிச்சமிருந்தால் அதுதான் முதலில் கருகும். நல்ல வெயிலில் காயவைத்து, இரும்பு வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். பொறுமை தேவை, தீயைக் கூட்டினால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உள்ளேயும் காபி நிறம் ஏறியிருந்தால் இறக்கலாம். ஆறியதும் உரலில் இடித்து நொறுக்கிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். சலித்த பொடியை ஃபில்டரில் போட்டால் டிகாஷன் நீர்த்துத்தான் இறங்கும். தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுவதே சரி. பாலும் கருப்பட்டியும் இதற்கு நன்றாகச் சேரும்.

கும்பகோணம் டிகிரி காபிக்கு இது ஈடா என்று கேட்டால், இல்லை. பச்சைக் காபிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 6 முதல் 10 சதவீதம் குளோரோஜெனிக் அமிலங்கள். அவை வறுபட்டுச் சிதைந்துதான் அந்த அழுத்தமான கசப்பைத் தருகின்றன. பேரீச்சங்கொட்டையில் அந்த அளவுக்கு அவை இல்லை. அதனால் மணம் காபியை நினைவூட்டினாலும், நாக்கில் பிடிப்பு குறைவு. கொக்கோவின் சாயல் கொண்ட தனிப் பானமாக எண்ணிக் குடித்தால் ஏமாற்றம் இருக்காது.

காஃபீனைத் தயாரிக்கும் செடிகள் காபி, தேயிலை, கொக்கோ என்று சிலவே. பேரீச்சை அதில் சேராது. காஃபீன் நீக்கிய காபியில்கூடச் சிறிதளவு தங்கிவிடும். இதிலோ தொடக்கம் முதலே கிடையாது. ஒன்று மட்டும்: தினமும் நாலைந்து டம்ளர் காபி குடிப்பவர்கள் ஒரேநாளில் இதற்கு மாறிவிட வேண்டாம். காஃபீன் திடீரென நின்றால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கிவிடும். முதலில் மாலைக் காபியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.