ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் (இந்தியா)

ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் என்பது ஆங்கில இலக்கியம், ஆங்கில மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல், ஒப்பிலக்கியம், மொழிபெயர்ப்பியல் ஆகிய துறைகளில் ஒன்றில் ஆய்வு செய்து, ஆய்வேடு அளித்துப் பெறும் மிக உயர்ந்த பல்கலைக்கழகப் பட்டம் ஆகும். இந்தியாவில் இதற்கான குறைந்தபட்ச விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுக்கிறது. தற்போது நடைமுறையில் உள்ள விதிமுறைகள் 2022 நவம்பரில் அரசிதழில் வெளியிடப்பட்டன. இவற்றுக்கு உட்பட்டு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கான கூடுதல் நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம்.

கல்வித் தகுதி

மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் இரண்டாண்டு முதுகலை முடித்தவர்கள், அல்லது நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஓராண்டு முதுகலை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் அல்லது அதற்கு இணையான தரநிலை வேண்டும். நான்காண்டு இளங்கலை மட்டும் படித்தவர்களும் நேரடியாகச் சேரலாம். ஆனால் அவர்கள் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு வரை தளர்வு அளிக்கலாம்.

முன்பு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே எம்.ஃபில். எனப்படும் ஆய்வியல் நிறைஞர் படிப்பு இருந்தது. சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதிப் பழக அது வாய்ப்பாக இருந்தது. 2022 விதிமுறைகள் அப்படிப்பை நிறுத்திவிட்டன. எனவே இன்றைய மாணவர் பலருக்கு முனைவர் பட்ட ஆய்வே முதல் பெரிய ஆய்வாக அமைகிறது. முதுகலையில் எழுதும் திட்டக் கட்டுரையின் முக்கியத்துவம் இதனால் கூடியுள்ளது.

சேர்க்கை முறை

சேர்க்கை இரு வழிகளில் நடைபெறுகிறது. முதலாவது, தேசியத் தகுதித் தேர்வு (நெட்). ஆங்கிலப் பாடத்தில் இத்தேர்வு இரண்டு தாள்களைக் கொண்டது. கற்பித்தல், ஆய்வுத் திறன் பற்றிய முதல் தாளில் 50 வினாக்களும், ஆங்கிலப் பாடம் பற்றிய இரண்டாம் தாளில் 100 வினாக்களும் இருக்கும். 2024 ஜூன் தேர்வு முதல் வெற்றி பெறுவோர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர்:

1. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்), உதவிப் பேராசிரியர் பணி, முனைவர் பட்டச் சேர்க்கை ஆகிய மூன்றுக்கும் தகுதி பெறுவோர்.
2. உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் தகுதி பெறுவோர்.
3. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர்.

முதல் பிரிவினர் நேர்காணல் வழியே சேர்க்கப்படுவர். மற்ற இரு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடப்படும். சேர்க்கைக்கு அவர்களது மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும்.

இரண்டாவது வழி, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு. இதில் பாதி வினாக்கள் ஆய்வு முறையியலிலும் பாதி வினாக்கள் பாடத்திலும் அமையும். இங்கும் 70:30 என்ற விகிதமே பின்பற்றப்படும்.

ஆய்வுத் தலைப்பும் நெறியாளரும்

நேர்காணலில் மாணவரின் ஆய்வு ஆர்வமும், அது அந்தத் துறையில் செய்யத்தக்கதா என்பதும் பார்க்கப்படும். தலைப்பு மிகவும் விரிந்திருப்பது பொதுவாகக் காணப்படும் குறையாகும். எடுத்துக்காட்டாக, 'இந்திய ஆங்கிலப் புதினங்களில் சமூகம்' என்ற தலைப்பு ஒரு நூலகத்துக்கே உரியது. ஓர் ஆய்வேட்டுக்குள் அடங்காது. 'ஆர். கே. நாராயணின் மால்குடிப் புதினங்களில் பள்ளிக்கூடம்' என்று சுருக்கினால் எந்த நூல்களைப் படிப்பது, எந்த வினாவைக் கேட்பது என்பது தெளிவாகும்.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க இயலாது. ஆகவே தகுதி பெற்ற மாணவருக்கும், விரும்பிய நெறியாளரிடம் காலியிடம் இல்லாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன்பே துறையின் காலியிடப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

பாடநெறியும் கால அளவும்

சேர்ந்த மாணவர் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடநெறியை முடித்து, அதில் 55 விழுக்காடு பெற வேண்டும். ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறையும் இதில் அடங்கும். கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும். ஆய்வறிவுரைக் குழு ஒவ்வொரு பருவத்திலும் முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும்.

படிப்பின் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள். அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் கூடுதலாக அளிக்கலாம். மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பெண்கள் மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறலாம். பணியில் இருப்போர் வேலையளிப்பவரின் தடையின்மைச் சான்றிதழுடன் பகுதிநேரமாகப் படிக்கலாம். தொலைநிலை வழியிலோ இணையவழியிலோ இப்பட்டம் பெற இயலாது.

ஆய்வேடும் மதிப்பீடும்

ஆங்கிலத் துறை ஆய்வேடுகளில் மேற்கோள்களுக்கும் நூற்பட்டியலுக்கும் பெரும்பாலும் எம்.எல்.ஏ. நடை பின்பற்றப்படுகிறது. ஆய்வேடு அளிக்கும் முன் கருத்துத்திருட்டுச் சோதனை நடைபெறும். 2018 விதிமுறைகளின்படி ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 விழுக்காடு வரை இருந்தால் ஆறு மாதங்களுக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40 முதல் 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டை அளிக்கத் தடை விதிக்கப்படும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும்.

முந்தைய 2016 விதிமுறைகளில் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருப்பது கட்டாயமாக இருந்தது. 2022 விதிமுறைகளில் அக்கட்டாயம் இல்லை; ஆயினும் பல்கலைக்கழகங்கள் தாமே அதைக் கேட்கக்கூடும்.

ஆய்வேட்டை நெறியாளருடன் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவர். ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்கு அனுப்பப்படும். அவரும் ஏற்காவிட்டால் பட்டம் கிடைக்காது. ஏற்கப்பட்டால் பொது வாய்மொழித் தேர்வு நடைபெறும். பட்டம் அறிவிக்கப்படும் முன் ஆய்வேட்டின் மின்படி இன்ஃப்ளிப்நெட் மையத்துக்கு அளிக்கப்பட வேண்டும். அம்மையத்தின் 'ஷோத்கங்கா' தளத்தில் பழைய ஆய்வேடுகளை எவரும் படிக்கலாம். ஒரு தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு நடந்துள்ளதா என்று அறிய இத்தளம் பெரிதும் உதவும்.

பட்டத்தின் பயன்

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் இணைப் பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்கு அது தேவை. ஆகவே வேலைக்காக மட்டும் சேர விரும்புவோர், முதலில் தகுதித் தேர்வை முடித்துவிட்டுப் பின்னர் ஆய்வைத் தொடங்கும் வழியையும் எண்ணிப் பார்க்கலாம்.