விறாந்தைச் சுவரும் கொய்யாக் கிளையும்

"பாம்பு!" என்று கத்திக்கொண்டு அம்மா தும்புத்தடியோடு ஓடிவந்தார். தலதா மாளிகைக்குப் பின்னால், உடவத்தகெலே காட்டோரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. பாம்பு வந்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஆனால் விறாந்தை விளக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஓர் அந்துப்பூச்சி. இறக்கை நுனி இரண்டும் பாம்புத் தலைபோல வளைந்திருந்தன. கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வேறு. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது.

அடிமட்டத்தைப் பக்கத்தில் பிடித்தேன். கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர். செங்கபில இறக்கைகளில் கண்ணாடிபோல முக்கோண யன்னல்கள். அவற்றுக்குள்ளால் சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. அற்றாக்கஸ் தப்ரபானிஸ் என்பது இதன் பெயர்; கிரேக்கர் நம் தீவுக்கு இட்ட தப்ரபேன் என்ற பெயரே அதில் ஒட்டியிருக்கிறது. பெரிய பட்டுப்பூச்சிக் குடும்பம்.

அதே நேரம் முற்றத்துக் கொய்யாவில் வேறொருவர் கச்சேரி. இலை என்றே நினைக்கவைக்கும் பச்சை வெட்டுக்கிளி, உடம்பைவிட நீளமான மீசை. டோர்ச் அடித்ததும் மூச்சுக் காட்டவில்லை. இடது முன்னிறக்கையின் அடியில் இருக்கும் அரத்தை வலது இறக்கை விளிம்பில் உரசித்தான் இவர் பாடுகிறார். காது முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே!

சுவரில் இருந்தவளுக்கோ காதே இல்லை. உண்ண வாயும் இல்லை. புழுவாக இருந்தபோது இலை தின்று சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு கிழமை ஓட்டவேண்டும். அவள் என்று சொல்லக் காரணம், பருத்த வயிறும் ஒடுங்கிய உணர்கொம்பும். பெண் இருந்த இடத்திலேயே வாசனையை விடும். ஆண் தன் இறகுபோன்ற அகன்ற கொம்பால் அதைப் பிடித்துத் தேடி வரும். வெட்டுக்கிளிகளில் ஆண் கத்த, பெண் வரும்.

கத்துவதில் ஆபத்து உண்டு. சில வௌவால்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே இரை பிடிக்கின்றன. காதில்லாத அந்துப்பூச்சியை என்ன காப்பாற்றுகிறது? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை ஆராய்ந்தபோது, உடம்பை மூடிய அடர்ந்த செதில்மயிர் வௌவாலின் ஒலியை உறிஞ்சிக்கொள்வதைக் கண்டார்கள். திரும்பிவரும் எதிரொலி மெலிந்துவிடும்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். கொய்யாவில் கச்சேரி திரும்பத் தொடங்கி, விடியும்வரை நிற்கவில்லை. அங்கே யாராவது வந்தார்களோ தெரியாது. காலையில் சுவரில் இரண்டு பேர் இருந்தார்கள். புதியவரின் கொம்பு நல்ல அகலம்.